இரத்தம் கேட்கும் செய்தியில் தேதி இருக்கட்டும்

‘அவசரம்! இன்றே ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை’ என்னும் வேண்டுகோள் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அடிக்கடி வருகிறது. அந்த ‘இன்று’ எந்த நாள் என்பது பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. தேவை நிறைவேறிய பின்னரும் செய்தி குழுவுக்குக் குழு சென்றுகொண்டே இருக்கும். குடும்பத்தாரின் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கும். நோயாளி இறந்துவிட்ட வீட்டிலும் அது ஒலிக்கும்.

இதில் தொல்லையைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நம் நாட்டு விதிகளின்படி, ஒருமுறை இரத்தம் அளித்த ஆண் 90 நாள்களும் பெண் 120 நாள்களும் கழிந்த பின்னரே மீண்டும் அளிக்கலாம். அரிய வகை இரத்தமுடைய ஒருவர் பழைய செய்தியை நம்பி வந்து அளித்துவிட்டால், உண்மையான தேவை எழும் நாளில் அவரை அழைக்க இயலாது. சிவப்பணுக்களைச் சில வாரங்கள் சேமிக்கலாம். தட்டணுக்களோ ஐந்தே நாள்கள்தாம் தாங்கும்.

ஆகவே, பதிவிடுமுன் இரத்த வங்கியில் விசாரியுங்கள். அவ்வகை இரத்தம் அங்கேயே இருப்பில் இருக்கக்கூடும். அதற்கு ஈடாக எவ்வகை இரத்தத்தையும் ஏற்பது பல இடங்களில் வழக்கம். இ-ரக்த்கோஷ் என்னும் அரசு இணையதளத்திலும் இருப்பைக் காணலாம்.

பதிவிட நேர்ந்தால் இரத்த வகை, தேவைப்படுவது சிவப்பணுவா தட்டணுவா, எத்தனை அலகு, மருத்துவமனை, ஊர், எந்தத் தேதிவரை என்பவற்றை எழுதுங்கள். நீங்கள் பின்னர் உங்கள் செய்தியை நீக்கினாலும், பிறர் பகிர்ந்த படிகள் நீங்கா. அவற்றோடு உடன் செல்வது நீங்கள் எழுதிய தேதி ஒன்றே. தொடர்பு எண், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருப்பவருடையதாக இல்லாமல், வெளியே இருக்கும் உறவினருடையதாக இருத்தல் நன்று. நோயாளியின் படமும் மருத்துவ அறிக்கையும் வேண்டா. இரத்தம் அளிப்பவருக்கு அவற்றால் பயனில்லை.

அழைப்பவர் எவரேனும் முன்பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, பணத்துக்கு இரத்தம் அளிப்பது 1998 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. இரத்த வங்கி ரசீதுடன் பெறும் பரிசோதனைக் கட்டணம் வேறு.

இத்தகைய செய்தி உங்களுக்கு வந்தால், அதிலுள்ள எண்ணை அழைத்துக் கேட்ட பின்னரே பகிருங்கள். நீங்களே அளிக்க விரும்பினால், வயது 18 முதல் 65-க்குள்ளும் எடை 45 கிலோவுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். உங்கள் பெயரையும் இரத்த வகையையும் இரத்த வங்கியில் முன்னரே பதிந்து வைத்தால், தேவைப்படும் நாளில் அங்கிருந்தே அழைப்பார்கள்.