முதுகிற்கும் ஒரு கண்

மிதிவண்டி ஓட்டுபவனுக்கு முதுகில் கண் இல்லை. தேர்வாய் கண்டிகை சிப்காட் சாலையில், இரவில் லாரிகளுக்கு முன்னே மிதித்து வீடு திரும்பும் நான் இதை நன்கு அறிவேன்.

இக்குறையைப் போக்க வந்ததே பின்புற ரேடார். அது அனுப்பும் நுண்ணலை, நெருங்கிவரும் வாகனத்தில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் கூடுகிறது. 1842-இல் டாப்ளர் வெளியிட்ட தத்துவம் இதுவே. கார்மின் நிறுவனத்தின் வாரியா கருவி 140 மீட்டர் வரை உணரும். லாரி மணிக்கு 60 கிலோமீட்டரிலும் நாம் 15-இலும் சென்றால், ஒதுங்க ஏறக்குறைய 11 விநாடி கிடைக்கும். ஆனால், நம் வேகத்திலேயே பின்தொடரும் வண்டியை அது காட்டத் தவறலாம்.

நண்பர்களே, ரேடார் நம்மை எச்சரிக்கும். லாரி ஓட்டுநரை எச்சரிப்பது சிவப்பு விளக்கே. ரேடாரின் விலையோ பல ஆயிரம் ரூபாய். ஒன்றுதான் இயலுமெனில் முதலில் விளக்கை வாங்குங்கள். நானும் அதைத்தான் வாங்கினேன்.