தண்டுவடம் அழற்சி கண்டால்

திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் உடைக்கிறவர் காலை ஊன்றி, கையை ஓங்கி நிற்கிறார். ஊன்றிய காலுக்கு மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். சுமார் ஒரு சென்டிமீட்டர் பருமன்தான் அதற்கு. அதன் ஓரிடத்தில் அழற்சி வந்தால், அதற்குக் கீழே உள்ள உடம்பு முழுவதும் தடுமாறும். மருத்துவச் சீட்டில் இது ‘டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ்’. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 1 முதல் 8 பேருக்கே வருகிறது.

முதலில் பாதம் மரத்துப்போகும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கால் தளர்ந்துவிடும். நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிக் கச்சை கட்டி இறுக்கியது போல ஒரு பிடிப்பு. சிறுநீர் முட்டும், ஆனால் போகாது. இதைத்தான் வீட்டில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தே நாள் போய்விடுகிறது.

இந்த அழற்சி பெரும்பாலும் நம் உடம்பின் காவல் படையான எதிர்ப்பாற்றலே நம் நரம்பைத் தாக்குவதால் வருவது. அது எப்படி நடக்கிறது? இதற்கு இந்தியாவிலேயே வேதனையான சான்று உண்டு. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய அந்த மருந்து, ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையும் அதில் கலந்திருந்தது. அதை எதிரியாகக் கற்றுக்கொண்ட எதிர்ப்பாற்றல், சிலருக்கு அவர்களுடைய தண்டுவடத்தையே தாக்கியது. வெறிநாய்க்கடியிலிருந்து தப்பியவர்கள் கால் விழுந்து படுத்தார்கள். அந்த ஊசியை இந்தியா 2004 இறுதியில்தான் கைவிட்டது. அவ்வளவு காலம் தாழ்த்தியது பெரும் தவறு. இன்றைய வெறிநாய்க்கடித் தடுப்பூசியில் மூளைத் திசு கிடையாது, பயமின்றிப் போட்டுக்கொள்ளலாம்.

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி நேரலாம். எதிர்ப்பாற்றல் சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களும் காரணமாகலாம். எம்ஆர்ஐ எடுத்து, கட்டியோ விலகிய முதுகெலும்பு வட்டோ தண்டுவடத்தை அழுத்தவில்லை என்று முதலில் உறுதிசெய்வார்கள். அழுத்தினால் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். அழற்சிதான் என்றால் மீதைல்பிரெட்னிசலோன் 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் ரத்தநாளம் வழியே ஏற்றுவார்கள். பலன் இல்லையென்றால் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவார்கள். அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால் நோய் திரும்பத் தாக்கும் வாய்ப்பு அதிகம். அந்தச் சோதனையை விடக்கூடாது.

பிறகு வருவதுதான் நீண்ட பாடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புட்டத்தில் புண் வரும். கையைக் கழுவி, மெல்லிய குழாயை விட்டு, வேளை தவறாமல் தாங்களே சிறுநீர் எடுக்கப் பழக வேண்டும். கால் விறைக்கும், வெயிலில் தளர்ச்சி கூடும். திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் பிசியோதெரபியைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகத் தேறுகிறார். இன்னொருவருக்குக் குறை ஓரளவு தங்குகிறது. மூன்றாமவர் சக்கர நாற்காலியில் வாழப் பழகுகிறார். தேறுதல் இரண்டு ஆண்டுவரைகூடத் தொடரலாம். ஆறு மாதத்தில் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

பழவங்காடியிலிருந்து சில கிலோமீட்டரில், மெடிக்கல் காலேஜ் வளாகத்தில், நரம்பு நோய்களுக்குப் பேர்போன ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. குமரி மாவட்டத்துத் தமிழர்களும் அதைத் தேடி வருகிறார்கள். ஆனால் கால் தளர்ந்து சிறுநீரும் நின்றுவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, எம்ஆர்ஐ வசதி உள்ள பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.