கத்திக்குப் பயந்து நீரை அடக்கலாமா?

"பெரட்டுக்கு நாலு மணிக்கு எழும்பின காலம் போச்சு தம்பி. இப்போ ராத்திரியில அஞ்சு தடவ ஒண்ணுக்குப் போக எழும்புறேன்" என்றார் பெரியவர். முப்பத்தைந்து வருஷம் பால்மரம் வெட்டியவர். டாக்டர் ஆபரேஷன் என்றதும் அந்தப் பக்கமே போகவில்லை. "கத்தி வெச்சா ஆம்பளைத்தனம் போயிடுமாமே, நெசமா?" என்று நம்மிடம் மெதுவாகக் கேட்டார். இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காமலே எத்தனையோ பேர் காலத்தைக் கடத்துகிறார்கள்.

மூத்திரப்பைக்குக் கீழே பாக்கு அளவில் இருக்கும் பிராஸ்டேட் சுரப்பி, வயதானால் வீங்கி நீர்க்குழாயை நெருக்குகிறது. இது புற்றுநோய் அல்ல. பலருக்கு மாத்திரையே போதும். ஆனால் நீர் அடியோடு அடைத்துக்கொண்டாலோ, கிட்னி கெட ஆரம்பித்தாலோ தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

ஆபரேஷன் என்றால் ஒன்றல்ல. வயிற்றைக் கிழித்து எடுப்பது பழைய முறை. ரத்தம் அதிகம் போகும். பிறகு வந்தது நீர்க்குழாய் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி. அமெரிக்காவில் இப்படிச் செய்துகொண்ட 3,885 பேரைப் பற்றி 1989இல் வந்த ஆய்வில், இறந்தவர்கள் ஆயிரத்துக்கு இரண்டு பேர். அதில் வேறொரு சங்கடமும் இருந்தது. கழுவ விடும் தண்ணீர் ரத்தத்தில் கலந்து உப்புச்சத்தைக் குறைத்துவிடும். நூற்றுக்கு இரண்டு பேருக்கு அப்படி ஆனது. இப்போது 'பைபோலார்' கருவியில் உப்புநீரையே விட்டுக் கழுவுவதால் அந்தப் பயம் அநேகமாக இல்லை.

லேசரில் ரத்தப்போக்கு இன்னும் குறைவு. இருதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது தோது. 1990களில் நியூசிலாந்தில் உருவான ஹோல்மியம் லேசர் முறையில், ரொம்பப் பெரிய சுரப்பியையும் வயிற்றைக் கிழிக்காமல் எடுக்கலாம். சிலருக்குக் கொஞ்ச நாள் நீர் கசியும். கை பழகிய டாக்டரும் வேண்டும். நீராவி செலுத்திச் சுருக்குவது இவற்றைவிட லேசானது. ஆனால் சில வருஷத்தில் மறுபடி சிகிச்சை தேவைப்படலாம்.

சரி, பெரியவர் கேள்விக்கு வருவோம். பெரும்பாலோருக்கு ஆம்பளைத்தனம் போவதில்லை. சுரண்டினாலும் லேசர் வைத்தாலும், விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போவது சகஜம். உடம்புக்குக் கெடுதல் இல்லை. பிள்ளை வேண்டும் என்கிறவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நீராவி முறையில் இந்தத் தொல்லை குறைவு.

"அட, இதுக்குத்தானா ரெண்டு வருஷம் பயந்தேன்!" என்று சிரித்தார். பேச்சோடு பேச்சாக, இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும் சொன்னார். டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லையாம்! நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. தானாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது என்று சொல்லி வைத்தோம். போன செவ்வாய்க்கிழமை மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மகனோடு கிளினிக்குப் போயிருக்கிறார்.