வேண்டாத நினைவுகள் எங்கே போகின்றன?

பல் மருத்துவரிடம் போக வேண்டிய நாள் உங்களுக்கு மறந்துபோனதுண்டா? நாம் கொடுக்க வேண்டிய கடன் எளிதில் மறக்கிறது. நமக்கு வர வேண்டிய கடனோ மறப்பதே இல்லை. இதை நாம் வேடிக்கையாகப் பேசுவோம். ஆனால் வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு (1856–1939) இத்தகைய மறதிக்குள் ஒரு பெரிய கொள்கையைக் கண்டார். வேதனை தரும் நினைவுகளையும் ஆசைகளையும் மனம், நாம் அறியாமலே, நனவிலிப் பகுதிக்குத் தள்ளிவிடுகிறது. அங்கே அவை அழியாமல் கிடந்து கனவாகவும் நோய்க்குறியாகவும் தலைகாட்டுகின்றன என்றார். இதுவே 'ஒடுக்கம்'. அவருடைய சிகிச்சை முறை முழுவதும் இத்தூணின்மீதுதான் நிற்கிறது.

நோயாளிகள் கூறியவற்றைக் கேட்டே பிராய்டு இம்முடிவுக்கு வந்தார். ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிக்க முடியுமா?

அமெரிக்க உளவியலார் சால் ரோசன்சுவைக் முயன்று பார்த்தார். மாணவர்களிடம் துண்டுகளை இணைத்துப் படமாக்கும் புதிர்களைக் கொடுத்தார். சிலவற்றை முடிக்க விட்டார்; சிலவற்றைப் பாதியில் பறித்துக்கொண்டார். ஒரு குழுவினரிடம், "இந்தப் புதிர்களை வகைப்படுத்த உதவுங்கள்" என்று மட்டும் சொன்னார். மற்றக் குழுவினரிடமோ, "இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு" என்றார். பிறகு, செய்த புதிர்களை நினைவுகூரச் சொன்னார். முதற் குழுவினருக்கு முடிக்காத புதிர்களே அதிகம் நினைவில் நின்றன. 'தேர்வு' எழுதியவர்களுக்கோ முடித்த புதிர்களே நின்றன. தோல்வியை மனம் ஒதுக்கிவிட்டது போலத் தோன்றுகிறது அல்லவா? 1943-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று.

அதற்கு முன்பே, 1934-இல், தம் தொடக்க ஆய்வுகளை ரோசன்சுவைக் பிராய்டுக்கு அனுப்பியிருந்தார். தம் கருத்துகளுக்கு ஏராளமான நோயாளிச் சான்றுகள் இருப்பதால் ஆய்வுக்கூடச் சோதனை தேவையில்லை என்றும், ஆயினும் அதனால் தீங்கு ஒன்றும் இல்லை என்றும் பிராய்டு பதில் எழுதினார். விஞ்ஞானிக்கு அழகான பதில் இது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீங்கு வரத்தான் செய்தது. மனம் பதறினால் கவனம் சிதறும். கவனம் சிதறினாலும் மறதி வரும். அப்படியானால் மறதிக்குக் காரணம் ஒடுக்கமா, கவனக்குறைவா? டேவிட் ஹோம்ஸ் என்பவர் 1972-இல் இதைப் பிரித்துப் பார்த்தார். சிலருடைய மனம் புண்படும்படியும், சிலருடைய மனம் குளிரும்படியும் முடிவுகளைச் சொன்னார். புகழப்பட்டவர்களுக்கும் மறதி கூடிற்று! புகழ்ச்சியை ஒடுக்கி வைக்க யாருக்கு என்ன தேவை? 1974-இல் அதுவரை நடந்த ஆய்வுகளை அலசிய அவர், ஒடுக்கத்துக்கு உறுதியான ஆய்வுக்கூடச் சான்று இல்லை என்றே முடிவு கட்டினார்.

இது ஏட்டளவில் நின்ற தகராறு அன்று. 1990-களில் அமெரிக்காவில், சிகிச்சையின்போது 'மீண்டு வந்த' குழந்தைப்பருவ நினைவுகளை ஆதாரமாக்கிப் பெற்றோர் பலர்மீது வழக்குகள் தொடரப்பட்டன. ஒடுக்கம் உண்மையா என்ற வினா நீதிமன்றக் கூண்டுவரை சென்றது.

2001-இல் மைக்கேல் ஆண்டர்சன், காலின் கிரீன் இருவரும் வேறு வழியில் முயன்றனர். சொற்களை இணை இணையாகக் கற்பித்து, ஒரு சொல்லைக் காட்டும்போது அதன் துணைச்சொல்லை நினைக்கவே கூடாது என்றனர். பதினாறு முறை இவ்வாறு தடுத்த சொற்கள், பின்பு தேவைப்பட்டபோது சற்றுக் குறைவாகவே நினைவுக்கு வந்தன. பிறர் செய்த சோதனைகள் சிலவற்றில் இவ்விளைவு கிட்டவில்லை. மேலும், இது அறிந்தே செய்யும் அடக்கம். பிராய்டு சொன்னதோ அறியாமல் நிகழும் ஒடுக்கம்.

கனவின் கதை இன்னும் சுவையானது. 2004-இல் டேனியல் வெக்னர் குழுவினர், உறங்கப் போகுமுன் தமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம் நினைக்காமல் இருக்கும்படி மாணவர்களிடம் கூறினர். நினைக்காமல் ஒதுக்கப்பட்ட அந்த ஆளே கனவில் அதிகம் வந்தார்! அடக்கியது கனவில் எழும் என்ற அளவில் பிராய்டு சொன்னது சரி. ஆனால் கனவில் நிறைவேறுவது ஆசை என்றும் அவர் சொன்னாரே? மாணவர்கள் மனத்தில் ஆசை வைத்திருந்தவர் மட்டுமல்லர், ஆசை ஏதும் வைக்காதவரும் அப்படியே கனவில் வந்து நின்றார்.