இழுவண்டியின் முன்கண்ணாடியும் சாலைக் கற்களும்

திருவனந்தபுரம் ஆரியசாலையிலிருந்து கிள்ளிப்பாலம், கரமனை வழியாகக் களியக்காவிளை நோக்கிச் செல்லும் ஊர்திகள் கருங்கல் ஜல்லி ஏற்றிய லாரிகளை எதிர்கொள்ளாமற் செல்லுதல் அரிது. அவற்றிலிருந்து சிந்தும் ஜல்லியும், பருவமழைக்குப்பின் தார் பெயர்ந்த இடங்களிற் கிடக்கும் சிறுகற்களும் முன்கண்ணாடிக்குப் பெரும் பகை. தானே ஓடாது வேறோர் ஊர்தியால் இழுக்கப்படும் பயண வண்டிக்கோ இத்துன்பம் இருமடங்கு. அதனை இழுக்கும் ஊர்தியே அதன்மீது கல்லை வாரி இறைக்கின்றது.

கேரள அரசு 2021ஆம் ஆண்டில் ‘கேரவன் கேரளா’ என்னும் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது முதல் தங்கும் வசதியுள்ள வண்டிகள் பலர் கவனத்தையும் ஈர்த்துள்ளன. எனினும் வண்டியையே பணியிடமாகக் கொள்வது களப்பணியாளருக்குப் புதிதன்று. கல்கத்தாவின் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965இலேயே நடமாடும் அறிவியற் காட்சியைத் தொடங்கியது.

கல் எவ்வாறு தாக்குகிறது? உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அக்கணத்தில் அசைவற்று நிற்கும். டயரின் வரிப்பள்ளத்தில் அகப்பட்ட கல் அவ்விடத்தைக் கடந்து சற்றே மேலெழுந்ததும் விடுபடின், அதற்கு மேல்நோக்கிய வேகமே மிகுதி. முன்னோக்கிய வேகம் சொற்பம். ஆகவே, கல் பறந்துவந்து கண்ணாடியை மோதுகிறது என்பதினும், எழும்பிய கல்லின்மீது கண்ணாடி விரைந்து சென்று மோதுகிறது என்பதே பொருந்தும். ஆசிரியர்கள் ஒரு தகர மூடியின் விளிம்பிற் பென்சிலைப் பொருத்தி, அளவுகோலை ஒட்டித் தாளின்மீது உருட்டிக் காட்டலாம். கோடு அடிப்புறத்தைத் தொட்டதும் செங்குத்தாக மேலெழுவதை மாணவர் கண்ணாற் காண்பர்.

5 கிராம் எடையுள்ள கல்லின்மீது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திற் கண்ணாடி மோதினால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 1 ஜூல். வேகம் 36 கிலோமீட்டராயின் கால் ஜூலே. அளவு சிறிதெனினும், கல்லின் கூர்முனை அதனை ஒரே புள்ளியிற் செலுத்திவிடுகிறது.

மோட்டார் ஊர்திகளின் முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாகும்; இரு தகடுகளின் நடுவே பாலிவினைல் பியூட்டிரால் ஏடு இருப்பதால் விரிசல் கண்டாலும் துண்டுகள் உதிர்வதில்லை. இழுவண்டிகளிற் பெரும்பாலும் இலேசான அக்ரிலிக் தகடோ, உடைந்தால் முழுதும் நொறுங்கும் கடினக் கண்ணாடியோ இருக்கும்.

இழுவண்டியின் முன்பலகணி வழியே ஓட்டுநர் சாலையைப் பார்க்கவேண்டியதில்லை. ஆதலால் ஓடும்போது அதனை முற்றிலும் மூடிவிடலாம். கீல்வைத்த கடினமூடி நன்றே. எனினும் அதில் மோதிய கல் தெறித்துத் திரும்பி, இழுக்கும் ஊர்தியின் பின்கண்ணாடியை உடைப்பதுண்டு. தளர்வாகத் தொங்கும் தடித்த வலைத்துணி கல்லின் வேகத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். மேலும், இழுக்கும் ஊர்தியின் பின்சக்கரங்களுக்குப் பின்னே தரைக்கு அண்மைவரை ரப்பர்த் தகடு தொங்கவிடுதல் வேண்டும். விலையுயர்ந்த ஒட்டுப்படலங்களினும் இவ்வெளிய தகடே மேலானது என்பது என் கருத்து. அன்றியும், ஓட்டுநரின் முன்கண்ணாடியில் எதை ஒட்டினாலும் நூற்றுக்கு 70 பங்கிற்குக் குறையாமல் ஒளி புகுதல் வேண்டும் என்பது விதி.

அக்ரிலிக் தகட்டை உலர்ந்த துணியால் துடைத்தல் கூடாது. ஒட்டிய மணலே அதனைக் கீறிவிடும். சாராயக் கலவைகளால் அதில் நுண்வெடிப்புகள் தோன்றும். நிரம்ப நீரூற்றிய பின்னர் மென்மையான துணியால் துடைக்கலாம்.

அடுக்குக் கண்ணாடியில் சிறு பொத்தல் நேர்ந்தால் ஈரமும் தூசியும் புகாதவாறு உடனே ஒட்டுநாடாவால் மூடி, பிசின் செலுத்திச் செப்பனிடும் இடத்திற்குக் கொண்டு செல்க. பார்வைக்கு நேரெதிரே அமைந்த பழுதும், விளிம்பை எட்டிய விரிசலும் செப்பனிடத் தக்கவையல்ல. கண்ணாடியை மாற்றியே ஆகவேண்டும். வெயிலிற் காய்ந்த கண்ணாடியின்மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் சிறு பொத்தலும் அங்கேயே நீண்டு விரிசலாகும்.