சாயாத ஸ்கூட்டரும் உருளும்: பத்திரமாக இறங்குவது எப்படி?

கால்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை விலையில்லாமல் வழங்குகிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் கூடுதல் சக்கரம் இருப்பதால் வண்டி சாயாது. ஆனால் உருளும்! கியர் இல்லாத வண்டி என்பதால், இன்ஜினை அணைத்த பிறகும் சரிவில் தானாக நகரும். உங்கள் எடை பாதி வண்டியிலும் பாதி ஊன்றுகோலிலும் இருக்கும் நொடியில் அரை அடி நகர்ந்தாலே விழ வாய்ப்பு உண்டு. அதனால் இறங்கும்போது இந்த வரிசையை மாற்றாதீங்க.

1. சமதளத்தில் நிறுத்துங்கள். வைகைப் பாலங்களை ஒட்டிய சரிவுகள் வேண்டாம். திருமங்கலம் பக்கம் மழை பெய்தால் கரிசல் மண்ணில் ஊன்றுகோல் புதையும், வழுக்கும். கெட்டியான தரையாகப் பாருங்கள்.

2. சாவியைத் திருப்பி அணைத்து, கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி வண்டியில் சத்தம் வராது. ஆனில் இருப்பதே தெரியாது. கை தவறி ஆக்சிலேட்டரில் பட்டால் பாய்ந்துவிடும்.

3. பிரேக் லாக் போடுங்கள். லாக் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளுங்கள்.

4. இடதுபக்கமாக இறங்குங்கள். வலதுபக்கம் வாகனங்கள் வரும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் சூடான சைலன்சரும் அந்தப் பக்கம்தான். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுட்டாலும் தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும்.

5. முதலில் ஊன்றுகோலை எடுங்கள். இரு பாதங்களையும் தரையில் வையுங்கள். காலிபர் அணிந்திருந்தால் முட்டி லாக்கைச் சரிபாருங்கள்.

6. ஒரு கையால் சீட்டின் பின்கம்பியைப் பிடித்து மெதுவாக எழுங்கள். நின்றதும் நடக்காதீங்க, இரண்டு மூச்சு விட்டு, நிலையாக நிற்கிறோமா என்று பாருங்கள்.

உதவ வருபவர்களே, அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். "எங்கே பிடிக்கட்டும்?" என்று கேளுங்கள். பல நேரம் வண்டியை நகராமல் பிடித்தாலே போதும்.

வாரம் ஒருமுறை ஊன்றுகோலின் அடி ரப்பரைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் டைல்ஸ் தரையில் வழுக்கிவிடும்; உடனே மாற்றுங்கள்.

ஸ்கூட்டருக்கான தகுதி, விண்ணப்பம் பற்றி அறிய, மதுரை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அடையாள அட்டையுடன் அணுகலாம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம்.

நீங்கள் போகும் அரசு அலுவலகத்தில் சாய்தளம் இல்லையா? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தடையற்ற அணுகலை உறுதிசெய்கிறது. 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் புகாரைப் பதிவுசெய்யுங்கள். பத்திரமாக இறங்க ஓர் இடம் கேட்பது சலுகை அல்ல, உங்கள் உரிமை.