பல்வேருக்குள் ஏறும் சூடு

வேர் சிகிச்சை செய்த பல் மேலே மிகவும் சிதைந்திருந்தால், புதிதாகக் கட்டும் பகுதியைத் தாங்க வேருக்குள் ஒரு சிறு தண்டைப் பொருத்துவார்கள். அதற்கு இடம் வேண்டும். வேரில் முன்பு அடைத்ததில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, சுழலும் கருவியால் உள்ளே சற்று அகலப்படுத்துவார்கள். அந்த உராய்வில் சூடு பிறக்கிறது.

நரம்பு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதால் பல்லுக்குள் அந்தச் சூடு உறைக்காது. அதனால்தான் கூடுதல் கவனம் தேவை. பல்லின் உட்சுவர் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஆனாலும் சுவர் மெலிந்த இடத்தில் அது வேரைப் பிடித்திருக்கும் தசைநாருக்கும் தாடை எலும்புக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

எலும்பு எவ்வளவு தாங்கும்? ஸ்வீடன் ஆய்வாளர்கள் எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் இருவரும் முயல் எலும்பில் சோதித்து 1983-இல் வெளியிட்ட விடை: 47 டிகிரி செல்சியஸ், ஒரு நிமிடம். அதற்கு மேல் போனால் எலும்பு சேதமடைகிறது. நம் உடல் வெப்பத்தைவிட அது 10 டிகிரிதான் கூடுதல்!

மழுங்கிய முனை, அழுத்தும் கை, இடைவெளி விடாத சுழற்சி எல்லாமே சூட்டை ஏற்றும். பழைய உலோகத் தண்டை மீயொலிக் கருவியால் அதிர்த்து எடுக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் மருத்துவர் தண்ணீரைப் பீய்ச்சுகிறார், நடுநடுவே நிறுத்துகிறார்.